இரட்டைப்பிள்ளைக்காரியின் கழுத்து

வாசல் பெருக்கிக்கொண்டிருந்தது வேல்ராஜ்தான். ஐம்பத்துமூன்று வயதில் முதன்முதலாக விளக்குமாறு பிடித்த மனிதர், கிழக்கேயிருந்து மேற்கே தள்ளிய குப்பையை மறுபடி மேற்கேயிருந்து கிழக்கே தள்ளிக்கொண்டிருந்தார். வேப்பஞ்சருகும் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நடுவாசலிலேயே சுற்றிக்கொண்டு கிடந்தது.

முருகலட்சுமி உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலி வாசலைப் பார்த்துப் போட்டிருந்ததால் வாசலைப் பார்த்தாள். அடுப்படியைப் பார்த்துப் போட்டிருந்தால் அடுப்படியைப் பார்த்திருப்பாள். இரண்டு நாளாக அவள் கழுத்து அப்படி.

பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாள் தெருவில் நின்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்.

"என்ன அண்ணே, கோலமும் நீங்கதானா?"

"கோலம் நாளையிலேர்ந்து. இன்னைக்குப் பெருக்குறது மட்டுந்தான்."

"விளக்குமாறத் திருப்பிப் பிடிங்கண்ணே. அது துடுப்பு இல்ல."

சிரித்துக்கொண்டே உள்ளே வந்தவள் முருகலட்சுமிக்கு நேர் எதிரே வந்து குனிந்து முகத்தைப் பார்த்தாள். பக்கவாட்டில் நின்றால் முருகலட்சுமிக்குத் தெரியாது என்பது அதற்குள் தெருவுக்கே தெரிந்திருந்தது.

"எப்படி மதினி இருக்கு?"

"சுளுக்குத்தான். ரெண்டு நாள்ல விட்ரும்."

"அது சரி. ஊருக்கெல்லாம் நீ வழிச்சு விடுற. ஒனக்கு யாரு வழிச்சு விடுவா?"

இந்த ஒரு கேள்வியைத்தான் முருகலட்சுமியும் இரண்டு நாளாகத் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரட்டைப்பிள்ளை பெற்றவள் கையால் உலக்கையை உருட்டி நீவினால் சுளுக்கு விட்டுப்போகும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. முருகலட்சுமிக்கு இருபத்துமூன்று வயதில் ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் ஆண் ஒன்று பெண் ஒன்றாகப் பிறந்தன. காளீஸ்வரன், காளீஸ்வரி என்று பெயர் வைத்த கையோடு, நாற்பதாம் நாள் கழிந்த மறுநாளே முதல் ஆள் நொண்டிக்கொண்டு வந்துவிட்டான். அவளுக்கு ஒன்றும் தெரியாது. நல்லெண்ணெயைத் தடவி, உலக்கையை மேலேயிருந்து கீழே உருட்டினாள். அவன் எழுந்து நடந்து போனான். அவ்வளவுதான், அன்றைக்கிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் வீட்டில் கூட்டம். சைக்கிளில் விழுந்தவர்கள், மிளகாய் மூட்டை தூக்கி இடுப்பு பிடித்தவர்கள், பனை ஏறிச் சறுக்கியவர்கள், தலகாணி சரியில்லாமல் கழுத்து கோணியவர்கள். யாரிடமும் ஒன்றும் வாங்கமாட்டாள். வாங்கினால் கைராசி போய்விடும். உலக்கை உருட்டி உருட்டி அவள் கையும் நாளடைவில் எல்லாம் படித்துக்கொண்டது. எந்த நரம்பு முறுக்கிக்கொண்டு நிற்கிறது, எங்கே அழுத்தினால் ஆள் துள்ளுவான் என்பதெல்லாம் விரல் நுனிக்கு வந்துவிட்டது.

காளீஸ்வரன் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். காளீஸ்வரியைத் திருவாடானையில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. பிள்ளைகள் போன பிறகும் வீட்டில் ஆள் குறையவில்லை என்றால் அதற்குக் காரணம் அந்த உலக்கை. உச்சிப்புளியிலிருந்து ஆட்டோ பிடித்து வருகிறவர்கள், "சுளுக்கு எடுக்கிற முருகலட்சுமி வீடு" என்றுதான் கேட்பார்கள். வேல்ராஜ் வீடு என்று கேட்டால் எந்த வேல்ராஜ் என்பார்கள்.

இதில் ஒரு சின்னச் சிக்கல் ஏழு மாதத்துக்கு முன்னால் முளைத்திருந்தது. பாண்டியம்மாளின் மருமகள் மாரிச்செல்விக்கு மதுரையில் வைத்தியம் பார்த்து, ஊசி மருந்தெல்லாம் போட்டு, இரட்டைக் குழந்தை பிறந்தது. ரெண்டும் பயல்கள். ஊரில் பெரிய விவாதம் எழுந்தது. மதுரை டாக்டர் வைத்துக் கொடுத்த இரட்டைக்குச் சுளுக்கு போகுமா, போகாதா?

"ஆண்டவன் குடுத்தாத்தான் அது ரெட்டை. ஆஸ்பத்திரி குடுத்தா அது ரெண்டு" என்றார் ரேஷன் கடை வரிசையில் நின்ற மலையாண்டி.

"ஏலே, சுமந்தது யாரு? பெத்தது யாரு? டாக்டரா பெத்தாரு?" என்றார் கூத்தையா. "அப்பச் செல்லும்."

தீர்ப்பு வராமல் கிடந்தது. முருகலட்சுமி நல்லபடியாக இருந்தவரைக்கும் தீர்ப்புக்கு அவசரமும் இல்லை.

கார் வந்ததுதான் வினை. மிளகாய் நல்ல விலைக்குப் போன வருஷம், வேல்ராஜ் தன் சித்தப்பா மகனிடமிருந்து ஒரு பழைய வெள்ளைக் காரை வாங்கினார். ஐம்பத்திரண்டு வயதில் ஓட்டப் பழகினார். ஓட்டுவதில் குறை சொல்ல முடியாது. மாட்டுவண்டி ஓட்டிய கை, அதே நிதானம். பின்னால் வருகிறவர்கள்தான் பொறுமை இழப்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கச்சிமடத்தில் ஒரு காதுகுத்து. ஆட்டுக்கறி சாப்பிட்டுவிட்டு இருவரும் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். பாம்பன் ரோட்டுப் பாலத்தின் மேல் வரும்போது, பக்கத்திலிருந்த புது ரயில் பாலத்தின் நடுத்துண்டு மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. கப்பலுக்கு வழி விடுகிறார்கள்.

"ஏங்க, அந்தா தூக்குறாக பாருங்க!" என்றாள் முருகலட்சுமி.

வேல்ராஜ் வண்டியை நிறுத்தவில்லை. பாலத்தில் நிறுத்தக்கூடாது என்று அவருக்குத் தெரியும். பார்க்கிற அளவுக்குத்தான் மெதுவாக்கினார். பின்னால் வந்த சுற்றுலா வேனின் டிரைவரும் அதே பாலத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். மெதுவாக்கத்தான் மறந்துவிட்டார்.

டொம்மென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். ரத்தம் கிடையாது, கண்ணாடி உடையவில்லை, பின்பக்கம் நசுங்கியதோடு சரி. இருவரும் இறங்கி நடந்தார்கள். வேனிலிருந்த வடக்கத்திப் பெண் ஒருத்தி முருகலட்சுமிக்கு ஒரு ஆப்பிள் கொடுத்தாள். "ஒண்ணும் இல்லை, ஒண்ணும் இல்லை" என்று எல்லோரும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள்.

மறுநாள் காலையில் முருகலட்சுமி எழுந்திருக்கப் பார்த்தாள். உடம்பு எழுந்தது, தலை எழவில்லை. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துத் தூக்கி, பானையை அடுப்பில் வைப்பதுபோல் கழுத்தின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிடரியிலிருந்து கிளம்பிய வலி நெற்றிவரை வந்து நின்றது.

டாக்டரிடம் போகலாம் என்று வேல்ராஜ் சொன்னபோது அவள் மறுத்துவிட்டாள். சுளுக்கு எடுக்கிறவள் சுளுக்குக்காக ஆஸ்பத்திரி போனாள் என்றால், அடுத்த செவ்வாய்க்கிழமை வாசலில் எத்தனை செருப்பு கிடக்கும்? அதைத்தான் நினைத்தாள். மாரிச்செல்வி வீட்டு வாசலில் கிடக்கப்போகும் செருப்புகளையும் சேர்த்து நினைத்தாள்.

பாண்டியம்மாள் போன பிறகு வேல்ராஜ் விளக்குமாற்றை மூலையில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். கொஞ்ச நேரம் உலக்கையைப் பார்த்தார்.

"நான் உருட்டி விடவா?"

"நீங்களா? நீங்க எப்ப ரெட்டை பெத்தீக?"

"அதுல பாதி எனக்கும் உண்டுல்ல?"

சிரித்ததில் வலி சுரீரென்று இழுத்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருந்தது. கதவைச் சாத்தினார்கள். முருகலட்சுமி பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு, மேலேயிருந்து கீழே, மெதுவாக, அழுத்தாதீக, இப்பக் கொஞ்சம் அழுத்துங்க என்று சொல்லச் சொல்ல, வேல்ராஜ் உலக்கையை உருட்டினார். வண்டியில் அடிபட வைத்துவிட்டோமே என்ற குற்ற உணர்ச்சி முழுவதையும் கையில் கொண்டுவந்து உருட்டினார்.

மறுநாள் விடிந்தபோது அவளால் தலையைத் தலகாணியிலிருந்து ஒரு விரற்கடைகூடத் தூக்க முடியவில்லை. கண்ணைத் திறந்தால் கூரை சுற்றியது.

திருப்பூரிலிருந்து காளீஸ்வரன் போனில் கத்தினான். "அம்மா, ராம்நாட்ல கேணிக்கரைப் பக்கம் பர்வேஸ்னு ஒருத்தர் இருக்காரும்மா. பிசியோதெரபி படிச்சிட்டு, எலும்பக் கையாலயே சரி பண்ற கைரோபிராக்டிக்கும் படிச்சிருக்காரு. வீடியோ அனுப்புறேன் பாரு."

வீடியோவில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் ஒரு ஆளின் தலையைப் பிடித்துத் திருப்ப, டக்கென்று விறகு முறிவதுபோல் சத்தம் கேட்டது. முறிக்கப்பட்டவர் எழுந்து சிரித்தார். முருகலட்சுமி அந்த இடத்தை மூன்று தடவை பார்த்தாள். தொழில்காரிக்குத் தொழில் பிடித்துப்போயிற்று. ஆனாலும் போக ஒப்புக்கொண்டது வேறொரு காரணத்துக்காக: இவர் ஆஸ்பத்திரி இல்லை, கையால் பார்க்கிறவர். தன் ஜாதிதான்.

வேல்ராஜ் காரின் பின்சீட்டில் தலகாணி அடுக்கித் தயார் செய்தார். உச்சிப்புளியிலிருந்து ராமநாதபுரம் போவதற்குள் இரண்டு டவுன் பஸ்ஸும் ஒரு ஐஸ் ஏற்றிய மீன் வண்டியும் அவர்களைத் தாண்டிப் போயின.

பர்வேஸுக்கு முப்பத்துநாலு, முப்பத்தைந்து வயதிருக்கும். பெரியபட்டினத்துக்காரர். அவர் அறையில் ஒரு நீளமான மெத்தைக் கட்டில், சுவரில் ஒரு எலும்புக்கூட்டுப் படம், மேசையில் ரப்பர் சுத்தியல். முருகலட்சுமி போனவுடன் தலையை நீட்டினாள். அவர் தொடவே இல்லை. எழுதுகிற அட்டையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"முதல்ல கதையச் சொல்லுங்கம்மா. இடிக்கும்போது நேரா பாத்துக்கிட்டு இருந்தீங்களா, திரும்பியா?"

"திரும்பித்தான். பாலம் எங்க நேரா இருக்கு?"

"இடிக்கப் போகுதுன்னு தெரியுமா?"

"தெரிஞ்சா எறங்கியிருப்பேன்ல."

"கை மரத்துப் போகுதா? விரல்ல எறும்பு ஊர்ற மாதிரி? கண்ணு ரெண்டாத் தெரியுதா? முழுங்கச் சிரமமா இருக்கா?"

ஒவ்வொன்றுக்கும் இல்லை, இல்லை என்றாள். தலையாட்ட முடியாததால் எல்லாவற்றையும் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது.

"சீட்ல தலைக்குப் பின்னால ஒரு மெத்தை இருக்குமே, அது எந்த உயரத்துல இருந்துச்சு?"

வேல்ராஜ் எழுந்து போய்ச் சுவரிலிருந்த எலும்புக்கூட்டை மிகக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

"அது இல்ல தம்பி" என்றாள் முருகலட்சுமி. "கொண்டை போட்டு, நாலு முழம் மல்லியப்பூவ வச்சிக்கிட்டு உக்காந்தா அது முட்டுது. பூவெல்லாம் நசுங்கிப் போகுது. நாந்தான் கழட்டச் சொன்னேன்."

"கழட்டி?"

"கோழிக்கூட்டுக்கு முட்டுக் குடுத்திருக்கு."

"ஒண்ணையா?"

"ரெண்டையும். ஒரு பக்கம் இருந்து ஒரு பக்கம் இல்லாட்டி பாக்க நல்லாயில்லன்னு இவுக தன்னோடதையும் கழட்டிட்டாக."

பர்வேஸ் அட்டையில் எழுதினார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு மீசையில் தெரிந்தது.

"பஸ்ல நின்னுக்கிட்டு இருக்கும்போது டிரைவர் வெடுக்குனு எடுத்தா என்னாகும்? கால் முன்னால போகும், நாம பின்னால சாய்வோம். அதேதான். சீட்டு ஒங்க உடம்ப முன்னால தள்ளிருச்சு. தலை மட்டும் பின்னால தங்கிப்போச்சு. அப்புறம் அது வேகமா முன்னால வந்து விழுந்துச்சு. சாட்டையச் சொடுக்குனா நுனி எப்படிப் போயிட்டு வரும்? அந்த மாதிரி. கண்ண மூடித் தெறக்கிற நேரம் கூட இல்ல. அதத் தாங்கிப் பிடிக்கத்தான் அந்த மெத்தை."

"நான் அத அலங்காரத்துக்குன்னு நெனச்சேன்" என்றார் வேல்ராஜ், எலும்புக்கூட்டிடம்.

பிறகுதான் பிஸ்மில்லாஹ் என்று முணுமுணுத்துக்கொண்டு பர்வேஸ் கை வைத்தார். முருகலட்சுமி கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கையைக் கவனித்தாள். நல்ல கை. அவசரப்படாத கை. ஒவ்வொரு எலும்பாக எண்ணிக்கொண்டு இறங்கியது. தாடையை நெஞ்சுக்குக் கொண்டுவா, அண்ணாந்து விட்டத்தைப் பார், தோளைப் பார் என்று எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்தார். பஞ்சை வைத்து விரல்களைத் தொட்டுத் தெரிகிறதா என்றார். சுத்தியலால் முழங்கையில் தட்டினார். கடைசியாகத் தன் இரண்டு விரலை நீட்டி, "பலமா அமுக்குங்க" என்றார்.

அமுக்கினாள்.

"போதும்மா. ம்மா, போதும், விடுங்க."

விரலை உதறிக்கொண்டே, "என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டார்.

சொல்ல வேண்டியதாயிற்று. உலக்கையைப் பற்றியும், அதை நேற்று யார் உருட்டியது என்பதையும்கூடச் சொன்னாள். வேல்ராஜ் எலும்புக்கூட்டின் கால் விரல்களுக்கு வந்திருந்தார்.

பர்வேஸ் கோபப்படவில்லை. எதிரே இருந்த இடத்தில் எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார். எலும்பு முறியவில்லை, விலகவும் இல்லை. தசைகள்தான் பயந்துபோய் இறுகிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்றார்.

"அப்பத் திருப்பிவிடுங்க தம்பி. டக்குனு ஒரு சத்தம் வருமே."

"இப்பவா? பயந்து கெடக்கிற மாட்ட மூக்கணாங்கயித்தப் பிடிச்சு வெடுக்குனு இழுப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதான். மெதுவாப் பழக்கித்தான் கொண்டுவரணும். வாரத்துக்கு ரெண்டு தடவை வாங்க. இன்ஷா அல்லாஹ், ஒன்றரை மாசத்துல ஒங்க கழுத்து ஒங்க பேச்சக் கேக்கும்."

முருகலட்சுமி எழுந்து நின்றாள். கேட்க வந்ததை இன்னும் கேட்கவில்லை.

"நான் எப்ப உலக்கையத் தொடலாம்?"

பர்வேஸ் அட்டையை மேசையில் வைத்தார். "அது இருக்கட்டும். ஒங்ககிட்ட கழுத்தக் காட்ட வாரவுகள்ட்ட நீங்க மொதல்ல என்ன கேப்பீங்க?"

"எங்க வலிக்குதுன்னு கேப்பேன்."

"எப்படி விழுந்தீகன்னு கேப்பீங்களா? கை மரத்துப் போகுதான்னு?"

அவள் மறுபடி உட்கார்ந்தாள்.

"தப்பாச் சொல்லலம்மா. ஒங்க கை நல்ல கை, எனக்கு இந்த ரெண்டு விரலே சொல்லுது. ஆனா வண்டியில அடிபட்ட கழுத்து வேற ஜாதி. உள்ள முறிஞ்சிருந்தா, அது மேல உலக்கைய உருட்டுனா, அந்த ஆளு எந்திரிச்சு நடக்கமாட்டான். ஒங்களுக்கு உருட்டுனப்ப முறியாம இருந்துச்சே, அது ஒங்க நல்ல நேரம்."

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் மனதுக்குள் கழுத்துகளை எண்ணிக்கொண்டு வந்தாள். இருபத்தைந்து வருஷக் கழுத்துகள். தலகாணிக் கழுத்து, மூட்டைக் கழுத்து இவற்றையெல்லாம் தள்ளிவிட்டால், விழுந்த கழுத்து எத்தனை? போன வருஷம் மலையாண்டி டிவிஎஸ் எக்ஸெலோடு கண்மாய்க் கரையிலிருந்து உருண்டுவிட்டு நேரே அவளிடம்தான் வந்தார். ஏன் வந்தீர்கள், எப்படி விழுந்தீர்கள் என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அரைமணி நேரம் உருட்டினாள்.

மறுநாள் சாயங்காலம் கழுத்தை நெட்டுக்குத்தாக வைத்துக்கொண்டு மலையாண்டி வீட்டுக்கு நடந்தாள். அவர் ஆட்டுக்கு அகத்திக்கீரை கட்டிக்கொண்டிருந்தார்.

"கொழுந்தனாரே, கை ரெண்டும் நல்லா இருக்கா?"

"எந்தக் கை?"

"ஒங்க கைதான். மரத்துகிரத்துப் போகுதா?"

மலையாண்டி தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஏன் மதினி, எவனும் ஏதும் சொன்னானா?"

"சும்மா கேட்டேன்."

"எல்லாம் ஒங்க கைராசி மதினி. அன்னைக்கு நீங்க வழிச்சு விடலேன்னா நான் இந்நேரம் கோணக் கழுத்தோடதான் திரிவேன்."

இந்த மாதிரிப் பேச்சைக் கேட்டால் முன்பெல்லாம் அவளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு சாப்பிட்டதுபோல் இருக்கும். அன்றைக்கு, அந்தக் கழுத்தை அவளால் பார்க்க முடியவில்லை. சீக்கிரமாக வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ராமநாதபுரம் போக்குவரத்து தொடங்கியது. செவ்வாயும் வெள்ளியும் ஊர் அவளிடம் வந்த நாட்கள் போய், செவ்வாயும் வெள்ளியும் அவள் பர்வேஸிடம் போகிற நாட்களாயின. சூட்டு ஒத்தடம், கட்டிலில் படுக்க வைத்து மெதுவாகத் தலையைத் தாங்கி இழுப்பது, தோள்பட்டைக்கு நடுவே விரல் வைத்து அழுத்துவது. வீட்டில் செய்ய ஒரு பயிற்சி கொடுத்திருந்தார். தாடையை உள்ளே இழுத்து, இரட்டைத் தாடை விழுகிற மாதிரி ஐந்து எண்ணும்வரை நிற்க வேண்டும். ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டு அவள் அதைச் செய்தபோது, முன்னால் நின்ற கூத்தையா தன்னைத்தான் முறைக்கிறாள் என்று நினைத்து வரிசையில் இடம் விட்டுக் கொடுத்தார்.

ஊருக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது.

"சத்தம் வந்துச்சா மதினி?" என்று ஒவ்வொரு வாரமும் பாண்டியம்மாள் கேட்டாள்.

நாலாவது வாரம் வந்தது. கழுத்தில் இல்லை, முதுகில். குப்புறப் படுக்கவைத்து, மூச்சை விடச் சொல்லி, இரண்டு உள்ளங்கையையும் வைத்து ஒரே ஒரு சின்னத் தள்ளு. வரிசையாக நாலு சொடக்கு விழுந்தது. முருகலட்சுமிக்கு ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல் இருந்தது. பாண்டியம்மாளிடம் சொன்னபோது, "முதுகுலயா? ப்ச்" என்று அவள் ஏமாந்து போனாள்.

இதற்கிடையே அடுத்த வாசலில் செருப்புகள் கிடக்கத் தொடங்கியிருந்தன. கழுத்து நன்றாகத் திரும்ப ஆரம்பித்ததன் முதல் பலனாக முருகலட்சுமி அந்தச் செருப்புகளைத்தான் பார்த்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை ஆறு ஜோடி. ஒரு குழந்தையை இடுப்பிலும், உலக்கையைக் கையிலுமாக மாரிச்செல்வி வாசலுக்கு வந்து, "யாரு அடுத்தது?" என்று கேட்டது இந்த வீட்டுக்கே கேட்டது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் தானும் அப்படித்தான் நின்றோம் என்று முருகலட்சுமிக்குத் தெரியும். தெரிந்தாலும் அன்றைக்குக் குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது.

ஏழாவது வாரம் பர்வேஸ் அட்டையை மூடினார். "போதும்மா. இனி பயிற்சி மட்டும் விடாமச் செய்யுங்க."

"உலக்கை?"

"கால், கை, கெண்டைக்காலு எல்லாம் பாருங்க. குனிஞ்சு பாக்காம, உக்காந்து பாருங்க. கழுத்தும் முதுகும் வேணாம்மா. விழுந்து வந்தவுகள நிச்சயமாத் தொடாதீங்க. அனுப்பி வைங்க. நான் பாக்குறேன், இல்ல பெரியாஸ்பத்திரியில பாக்கட்டும்."

"கழுத்து பாக்கலேன்னா, எனக்குக் கழுத்து வராதும்பாக."

"சொல்லட்டுமே."

சொல்லிக்கொள்ளட்டும் என்று சொல்ல அவருக்கு எளிது. அவர் பெரியபட்டினத்துக்காரர்.

இருந்தாலும் அடுத்த செவ்வாய்க்கிழமை உலக்கையைத் துடைத்து, எண்ணெய்க் கிண்ணத்தை நிரப்பி வைத்தாள். முதலில் கூத்தையா வந்தார், கணுக்கால். ஸ்டூலில் உட்கார்ந்து நீவிவிட்டாள். எழுந்து நடந்து பார்த்துவிட்டு, "பழைய கை அப்படியே இருக்கு" என்றார். மனசு நிறைந்துபோய் நிமிர்ந்தவளுக்கு எதிரே நின்றது பாண்டியம்மாள். சொந்த வீட்டு வைத்தியச்சியை விட்டுவிட்டு இவளிடம் வந்திருக்கிறாள் என்றால் அது சின்ன மரியாதை இல்லை.

"கழுத்து மதினி. காலையிலேர்ந்து திருப்ப முடியல."

"விழுந்தீகளா?"

"பாத்ரூம்ல கொஞ்சம் வழுக்குச்சு. விழலாம் இல்ல, செவுத்துல முட்டுனதோட சரி."

"கை மரத்துப் போகுதா? விரல்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கா? கண்ணு ரெண்டாத் தெரியுதா?"

"என்னத்தா இது, சுளுக்கு வழிக்க வந்தா போலீஸ் ஸ்டேஷன் கணக்கா வெசாரிக்கிற?"

"கழுத்து நான் பாக்கல மதினி. பர்வேஸ் தம்பிட்ட ஒரு தடவை காட்டிட்டு வாங்க. இவுக கார்ல கூட்டிட்டுப் போயிட்டு வருவாக."

பாண்டியம்மாள் தன் வீட்டுக்குப் போனாள். அடுத்த வீட்டில் உலக்கை உருளுகிற சத்தம் கேட்டது. இரண்டு குழந்தைகளும் சேர்ந்து அழுதன. பொழுது சாய்வதற்குள் "முருகலட்சுமிக்குக் கழுத்து விட்டுப்போச்சாம், இனி கால் மட்டுந்தானாம்" என்ற செய்தி தெருக்கோடி டீக்கடையைத் தாண்டிவிட்டது. அவள் விளக்கை ஏற்றிவிட்டு, யார் மேலும் கோபப்பட முடியாமல், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வேல்ராஜ் தோட்டத்திலிருந்து வந்தார். கை கால் கழுவிவிட்டுக் கூடத்துக்கு வந்து செம்பை எடுத்தார். எடுத்தவர், வாயை வைத்துக் குடித்தார்.

முருகலட்சுமியின் கை அரிசியில் நின்றது. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் செம்பில் வாய்வைத்துக் குடித்து அவள் பார்த்ததில்லை. எச்சில்படக் குடித்தால் அவருடைய அம்மா அந்தக் காலத்தில் கையில் சூடு வைப்பாளாம். ஒரு முழ உயரத்திலிருந்து ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றிக் குடிப்பவர். தன் கழுத்தோடு மல்லுக்கட்டிய இத்தனை வாரமும் அவர் எப்படிக் குடித்தார் என்று அவள் கவனிக்கவில்லை.

"என்ன, வாய வச்சுக் குடிக்கிறீக?"

"குடிச்சா என்ன? நம்ம வீட்டுச் செம்புதானே."

"அண்ணாந்து விட்டத்தப் பாருங்க."

"விட்டத்துல என்ன இருக்கு?"

"பல்லி இருக்கு. பாருங்க."

வேல்ராஜின் கண்கள் மட்டும் மேலே போயின. தலை இருந்த இடத்திலேயே இருந்தது.

"எந்தப் பக்கம் பல்லி? ஒண்ணையும் காணோம்."

அவள் அரிசிச் சொளகைக் கீழே வைத்துவிட்டு எழுந்து அவருக்குப் பின்னால் போனாள். சட்டை இல்லாத தோளில், கழுத்துக்கு இரண்டு பக்கமும் தசை கயிறுபோல் முறுக்கிக்கொண்டு நின்றது. கை வைக்காமலே அவளுக்குத் தெரிந்தது. கை வைத்தால் எந்த இடத்தில் துள்ளுவார் என்பதும் தெரிந்தது.

"லேசாப் பிடிச்சிருக்கு, அவ்வளவுதான்" என்றார் வேல்ராஜ், அவள் பக்கம் திரும்பாமல். பிறகு குரலைத் தாழ்த்தினார். "கதவச் சாத்திட்டு ஒரு வழி வழிச்சு விட்ரு. உலக்க வேணாம். வெறுங்கை போதும்."

எண்ணெய்க் கிண்ணம் எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. காலையில் கூத்தையாவுக்கு ஊற்றியது போக மிச்சம் இருந்தது. அவளுடைய விரல்கள் தாமாகவே ஒன்றோடொன்று உரசிக்கொண்டன. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து இவர் கேட்டு இல்லையென்று அவள் சொன்ன பழக்கம் இல்லை. கதவைச் சாத்தினால் யாருக்குத் தெரியப் போகிறது?

கைகளை முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

"நாளைக்குக் காலையில ராம்நாடு போவம்."

"நல்லா இருக்குடி. பொண்டாட்டி ஊருக்கெல்லாம் சுளுக்கு எடுப்பா, புருசன் கழுத்தத் தூக்கிக்கிட்டு ராம்நாடு போவானா? இப்பத்தான் டீக்கடையில கேட்டுட்டு வாரேன். ஏற்கெனவே ஒனக்குக் கழுத்து வராதுங்கிறாய்ங்க."

"வராதுன்னே சொல்லட்டும்."

"அப்ப நான் மாரிச்செல்விட்ட போறேன்."

"போங்க. போயி வாசல்ல நில்லுங்க. பாண்டியம்மா மதினி நாளைக்கு மைக்செட் கட்டிச் சொல்லும்."

வேல்ராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அந்த நிறுத்தம் எப்படிப்பட்டது என்று முருகலட்சுமிக்குத் தெரியும். நெற்றிவரை ஏறுகிற வலி. ஒரு நாள் ரெண்டு நாளில் பழகுகிற நிறுத்தம் இல்லை அது.

முன்னால் வந்து அவர் முகத்துக்கு நேரே நின்றாள்.

"என்னையப் பாத்துச் சொல்லுங்க. எம்புட்டு நாளா இது?"

வேல்ராஜ் செம்பை முக்காலியின் மேல் வைத்தார். கொடியில் கிடந்த துண்டை எட்டி எடுத்தார். தோளில் போடப்போனவர், போடாமல் கையில் சுருட்டிக்கொண்டார்.

"ஏங்க, ஒங்களத்தான் கேக்குறேன். பாலத்துல இடிச்ச அன்னையிலேர்ந்தேவா?"

உடம்பு முழுவதையும் ஒரேயடியாக வாசல் பக்கம் திருப்பி, நிலையில் தலை இடிக்காமல் முழங்காலை மடக்கித் தாழ்ந்து, அவர் வெளியே போனார்.